மாரிஸ் மைனர் ரோட்டில் அலைகிறது, முன்னால் தட்டுகிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: தாத்தா ஓட்டிய 1953 மாடல் மாரிஸ் மைனர். பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி, இப்போதுதான் ரோட்டுக்கு வந்திருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் நேராக ஓடாமல் அலைகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன் இடது பக்கம் 'டக்' என்று தட்டுகிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. இடது முன் மூலை சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் ராக்கை, அதாவது ஸ்டியரிங்கின் சுழற்சியை இடமும் வலமுமாக நகர்ந்து சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டை, மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர், முன் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டு வேறு காருடையதை வைத்துவிடலாம் என்கிறார்.

தம்பி, இரண்டுமே வேண்டாம். முதலில் வண்டியை நிறுத்தி, கீழ் டிரன்னியனைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ் முனை திருகியிருக்கும் மரை போட்ட இரும்புத் துண்டுதான் அது. மற்றக் குறைகளோடு மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிடலாம். கீழ் டிரன்னியன் போனால் சக்கரமே கையோடு வந்துவிடும். நீங்கள் சொன்ன நாலு குறையில் குறைந்தது இரண்டுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவம் ஏறக்குறைய முடிந்த நிலையில், வண்டி ஒல்லியாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே நாலு அங்குலம் அகலம் கூட்டியவர் அவர். பானெட்டின் நடுவில் பட்டையாக ஒரு மேடு ஓடுகிறதே, அந்தக் கூட்டல்தான் அது. அகலம் கூடியதால் வண்டி ரோட்டில் உட்காரும் விதமும் நன்றாக அமைந்துவிட்டது. அந்தக் காலத்து மலிவு விலைக் கார்களில் பலவும் முன்னால் ஒரே இரும்பு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் வைத்து ஓடிக்கொண்டிருந்தபோது, மைனருக்குத் தனித்தனி முன் சஸ்பென்ஷனும் ராக் அண்டு பினியன் ஸ்டியரிங்கும் இருந்தன. அமைப்பு சரியாக இருக்கும் மைனர் இன்றைக்கும் விரல் நுனியில் திரும்பும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பழைய கார் அப்படித்தான் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் வண்டியின் மேல் மாரிஸ் என்று எழுதியிருந்தாலும், இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்ற பேபி ஹிந்துஸ்தான் என்று எழுதியிருந்தாலும் முன்பக்க அமைப்பு ஒன்றுதான். காயில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு நீளமான இரும்புத் தண்டு, அதாவது டார்ஷன் பார், முன்சக்கரத்தின் கீழ்க் கையிலிருந்து பின்னோக்கி ஓடி, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம்தான் ஸ்பிரிங். மேல் கை என்று தனியாக எதுவும் இல்லை, ஷாக் அப்சார்பரின் கையே மேல் கை. இரண்டு கைக்கும் நடுவில் செங்குத்தாக நிற்பது கிங் பின். அதன் இரு முனையிலும் மரை போட்டிருக்கும். மேல் முனை மேல் டிரன்னியனுக்குள்ளும் கீழ் முனை கீழ் டிரன்னியனுக்குள்ளும் திருகியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில் பின் சற்று ஏறி, சற்று இறங்குகிறது.

வண்டியின் முன்பாரம் முழுவதும் கீழ் மரை வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அது இருப்பதோ சக்கரத்துக்குப் பக்கத்தில், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில். கிரீஸ் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வண்டி வருஷக்கணக்கில் நின்றால் கிரீஸ் காய்ந்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் புகுந்து துரு பிடிக்கும். அதற்கப்புறம் ஓட்டினால் மரை அரைபட்டு மெலிந்து, ஒருநாள் பிடி விட்டுவிடும். பெரும்பாலும் இது நடப்பது வேகமாகப் போகும்போது அல்ல, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை நிறுத்தும்போது அல்லது ரிவர்ஸ் எடுக்கும்போது. அது ஒரு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி, அந்த மூலை ரோட்டில் உட்கார்ந்துவிடும்.

சோதிப்பது கஷ்டமில்லை. ஜாக்கியை சேஸிஸில் வைக்காமல், கீழ்க் கையின் அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வைத்துத் தூக்குங்கள். இப்படித் தூக்கினால் டார்ஷன் பாரின் முறுக்கை ஜாக்கி தாங்கிக்கொள்ளும், மரை மேல் பாரம் இருக்காது. பாதுகாப்புக்கு சேஸிஸின் அடியில் ஸ்டாண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். செங்கல் அடுக்குவதெல்லாம் கூடாது. இப்போது டயரின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் டிரன்னியனில், இல்லையென்றால் ஷாக் அப்சார்பரின் கையில். அடுத்து, ஒரு கடப்பாரையை டயருக்கு அடியில் விட்டு மெதுவாக நெம்புங்கள். டார்ச் அடித்துக்கொண்டு கிங் பின்னும் கீழ் டிரன்னியனும் சேரும் இடத்தையே இன்னொருவர் பார்க்க வேண்டும். நெம்பும்போது டிரன்னியன் அசையாமல் பின் மட்டும் 'கடக்' என்று ஏறி இறங்கினால் மரை தேய்ந்துவிட்டது. அதைக் கிரீஸ் அடித்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆட்டம் இல்லை, ஆனால் இறுகிக் கிடக்கிறது என்றால் காப்பாற்றலாம். ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள் இருக்கும்: மேல் டிரன்னியனில் ஒன்று, கீழ் டிரன்னியனில் ஒன்று, ஸ்டியரிங் பால் ஜாயின்ட்டில் ஒன்று. நிப்பிள் இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு மண் அப்பியிருக்கும். பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால்தான் தலை தெரியும். சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருக்கும்போதுதான் கிரீஸ் அடிக்க வேண்டும். வண்டி தரையில் நின்றால் மரையின் ஒரு முகம் அழுந்தியிருக்கும், அந்தப் பக்கம் கிரீஸ் போகவே போகாது. ஒருவர் கிரீஸ் கன்னை அழுத்த, இன்னொருவர் சக்கரத்தை இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை, அதாவது ஒரு பக்கம் முழுக்க ஒடித்த நிலையிலிருந்து மறுபக்கம் முழுக்க ஒடித்த நிலை வரை, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கறுப்பாக, சில சமயம் துரு கலந்து செம்மண் நிறத்தில் பழையது வழியும். புதுக் கிரீஸ் அதன் நிறத்திலேயே வெளியே வரும்வரை நிறுத்தாதீர்கள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதிது போடுங்கள், ஆனால் இது அங்குல அளவு வண்டி. கடையில் கையில் கிடைத்த மெட்ரிக் நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருகினால் டிரன்னியன் மரையே போய்விடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். டிரன்னியனுக்குக் கிரீஸ் போடக்கூடாது, 90 நம்பர் ஆயில்தான் விட வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் மனதில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையில் தயாரான அந்தக் காரிலும் கீழே டிரன்னியன் உண்டு, மேலே பால் ஜாயின்ட். அதற்கு ஆயில்தான் சரி. மைனருக்குக் கிரீஸ். பழைய கையேடு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை, நடுவில் வண்டி தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரை தேய்ந்திருந்தால் கிங் பின்னையும் இரண்டு டிரன்னியனையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பின்னில் புது டிரன்னியனைத் திருகினால் அதுவும் சீக்கிரமே அதே கதி ஆகும். கோயம்புத்தூர்ப் பக்கம் "பித்தளையில் கடைந்து தந்துடறேங்க" என்று சொல்லும் லேத்துக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. புஷ், வாஷர், ஸ்பேசர் எல்லாம் தாராளமாகக் கடையச் சொல்லலாம். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மரையை மட்டும் உலோகமும் கடினத்தன்மையும் தெரியாமல் செய்து போடக்கூடாது. இதற்குப் புதுச் சாமான் கிடைக்கவே கிடைக்கிறது. பதினாறு லட்சம் வண்டி தயாரான மாடல் இது. இங்கிலாந்தில் இன்னும் ஏராளம் ஓடுகின்றன. இலங்கையிலும் மைனர்கள் நிறைய. மைனருக்கான சாமான்களை அங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆர்டர் செய்யும்போது இடது, வலது என்று சரியாகச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு நேர் மரை, மறுபக்கத்துக்கு எதிர் மரை. மாற்றி வந்தால் ஏறவே ஏறாது. பூட்டும்போது கீழ் டிரன்னியனை அடியில் முட்டும்வரை திருகி, பிறகு சற்றுத் திருப்பிக் கழற்றி, இரண்டு லாக்குக்கும் தடையில்லாமல் பின் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே மேல் பக்கத்தை மாட்ட வேண்டும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. மேல் கையை விடுவிக்கும்போது கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி இருந்தே ஆக வேண்டும். டார்ஷன் பார் முறுக்கேறி நிற்கிறது. ஜாக்கி இல்லாமல் விடுவித்தால் கீழ்க் கை அடித்து இறங்கும், கை கால் இருந்தால் போச்சு. விடுவித்தபின் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் முறுக்கு தானாகத் தளரும்.

சரி, அடுத்தது அந்த 'டக்' சத்தம். வேகத்தடையில் மட்டும் தட்டுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது கீழ்க் கையின் உள்முனையை. அது சேஸிஸோடு சேரும் இடத்தில் ஒரு ஐ-போல்ட், அதற்குள் ரப்பர் புஷ். அந்த ரப்பர் நைந்துபோனால் கை தன் இடத்திலிருந்து இறங்கி, இரும்போடு இரும்பு மோதும். அந்தப் பக்கச் சக்கரத்தின் சாய்மானமும் கெடும், டயரின் ஒரு ஓரத்தைத் தின்னும், வண்டியும் கொஞ்சம் இறங்கி நிற்கும். உங்கள் இடது மூலை தாழ்ந்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புஷ் விலை அதிகமில்லை, மாற்றும் வேலைதான் அதிகம். இதில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் கடைசியில் வருகிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை இறுக்கிவிடுவார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், வண்டி உயரமாகவும் தெரியும், கொஞ்ச நாளில் ரப்பர் கிழிந்துவிடும். ரப்பர் புஷ் எதுவானாலும் முதலில் லேசாகப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னே பின்னே உருட்டி, ஏறி நின்று குலுக்கி, அது உட்காரும் உயரத்தில் உட்கார்ந்தபின்தான் கடைசி இறுக்கம்.

கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிச் செல்லும் டை பாருக்கும் ரப்பர் புஷ் உண்டு. அது போனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் வண்டி பிரேக்கில் இழுக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை; பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ் மாற்றியும் இடது பக்கம் தாழ்ந்தே இருந்தால் டார்ஷன் பாரின் பின்முனைக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே உயரம் சரிசெய்வதற்கு முன், கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, அடியிலும் படுத்துப் பார்த்து, அந்தக் குறுக்குச் சட்டத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஷெட்டில் நின்ற வண்டியில் அது துருப்பிடித்து ஓட்டையாவது சகஜம். சட்டமே இற்றுப்போயிருந்தால் தண்டு முறுக்கிக்கொள்ளாமல் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்போது அது மெக்கானிக் வேலை அல்ல, வெல்டர் வேலை. சட்டம் திடமாக இருந்தால் பின்முனையில் இருக்கும் லிவரின் இடத்தை மாற்றி உயரம் கூட்டலாம். இரண்டு பாரையும் இடம் வலம் மாற்றவே கூடாது. ஒவ்வொன்றும் இத்தனை வருஷம் ஒரே திசையில் முறுக்குப்பட்டுப் பழகியது. எதிர்த்திசையில் போட்டால் உடையலாம். பைப் ரெஞ்சு போட்டுப் பிடித்துக் கீறல் விழுந்தாலும் அந்தக் கீறலிலிருந்தே உடையும்.

ஷாக் அப்சார்பர் பற்றிக் கொஞ்சம். இது இன்றைய குழாய் வகை இல்லை, ஆர்ம்ஸ்ட்ராங் லிவர் வகை. உள்ளே ஆயில் இருக்கும். மேலே இருக்கும் மூடியைத் திறந்து, துவாரத்தின் அடிமட்டம் வரை 20 நம்பர் ஆயில் விட்டால் போதும். மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்தபிறகு திறங்கள், உள்ளே விழும் ஒரு மணல் போதும் வால்வைக் கெடுக்க. தண்டு வெளிவரும் இடத்தில் ஆயில் வழிந்திருந்தாலோ, கையை முன்னும் பின்னுமாகத் தள்ளினால் ஆடினாலோ, ஆயில் விடுவது வீண். முன்பே சொன்னபடி அந்தக் கைதான் மேல் கை. அது ஆடினால் சக்கரத்தின் தலை ஆடும், 50 கிலோமீட்டரில் வண்டி அலையும். ரீகண்டிஷன் செய்ததாக மாற்றுங்கள். குழாய் வகை ஷாக் போடும் கிட் கிடைக்கிறது என்றாலும், பலவற்றில் பழைய லிவர் கை அப்படியே இருந்தாக வேண்டும் என்பதால் தேய்ந்த கையை அது குணமாக்காது.

இப்போது ஸ்டியரிங். திருப்பினால் திரும்பி வரவில்லை என்றதும் ராக்கின் மேல் பழி போட்டிருக்கிறார்கள். எதில் இறுக்கம் என்று கண்டுபிடிக்க ஒரே வழி பிரித்துப் பார்ப்பது. ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுதான் டிராக் ராடு. இரண்டு பக்கமும் அதன் வெளிமுனையான டிராக் ராடு எண்டைக் கழற்றுங்கள். நட்டை எடுத்தபின் அது டேப்பரில், அதாவது கூம்பு வடிவத் துளையில், பிடித்துக்கொண்டு வராது. மரை மேல் அடிக்காதீர்கள். ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் சட்டென்று ஒரு தட்டு. இரண்டு மூன்று தட்டில் தானாகக் கீழே விழும். கழன்றதும் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் கையால் திருப்பிப் பாருங்கள், அப்புறம் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் வீலை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு சுற்றி, சக்கரம் முரண்டு பிடித்தால் குறை டிரன்னியனில்தான். இத்தனை வருஷம் நின்ற வண்டியில் பத்துக்கு எட்டுத் தடவை அப்படித்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டியரிங்கே இறுக்கமாக இருந்தால்தான் ராக். அதிலும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. ராக்குக்குக் கிரீஸ் கிடையாது, 90 நம்பர் ஹைபாய்டு ஆயில்தான். 12,000 மைலுக்கு ஒருமுறை கன்னில் பத்து அழுத்து என்பது கையேட்டுக் கணக்கு. யாரோ கிரீஸை அடைத்து வைத்திருந்தால் அது கெட்டியாகி ஸ்டியரிங்கை இழுக்கும். ராக்கின் முனைகளை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை, அதாவது பெல்லோஸ், கிழிந்திருந்தால் ஆயில் எப்போதோ போயிருக்கும், மண் உள்ளே வந்திருக்கும். ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று ராக் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுத்துவிட்டு மூடியை இறுக்கியிருந்தாலும் இதே குறை வரும்; நடுவில் ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் தண்டு பினியனோடு சேரும் இடத்து கிளாம்ப் போல்ட்டையும் பாருங்கள். அது தளர்ந்தாலும் வண்டி அலையும்.

டயரைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, செலவில்லாமல் பார்க்கக்கூடியது அதுதான். நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய கிராஸ்-பிளை டயருக்கு முன்னால் 22 பவுண்டு காற்றுதான் கையேட்டில் உள்ளது. பெட்ரோல் பங்கில் கேட்காமலே 30, 32 அடித்துவிடுவார்கள். ரேடியல் போட்டிருந்தால் 22-ஐவிடக் கொஞ்சம் கூட வைக்கலாம். இரண்டு வகை டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள். ரேடியல் இரண்டுதான் இருக்கிறது என்றால் அவை பின்னால் போகட்டும். அகலமான டயர் அழகாக இருக்கும், ஆனால் ஸ்டியரிங் கனக்கும்.

வேலையெல்லாம் முடிந்தபின்தான் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் கடைக்காரர் கேம்பரும் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) காஸ்டரும் (கிங் பின்னின் முன்-பின் சாய்வு) சரியில்லை, சரிசெய்கிறேன் என்பார். இந்த வண்டியில் அவை இரண்டையும் சரிசெய்ய ஏற்பாடே கிடையாது. அளவு தப்பினால் ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மாற்றக்கூடியது டோ-இன் ஒன்றுதான்: இரண்டு முன்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர், குறுகியிருக்க வேண்டும். ஹப் உயரத்தில் இரண்டு ரிம்முக்கும் நடுவே முன்னால் ஒருமுறை அளந்து சாக்பீஸால் குறி போட்டு, வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகளைப் பின்னால் வைத்து அளந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். இரண்டு பக்க டிராக் ராடையும் சமமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும்.

கடைசியாக ஆள் விஷயம். இளைய மெக்கானிக் பலருக்கு டார்ஷன் பார் முன்னால் இருப்பதே தெரியாது. பழைய அம்பாசடர் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார், விசாரியுங்கள். அம்பாசடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்போர்டு, மைனருக்கு அண்ணன் முறை. டார்ஷன் பார், ராக் எல்லாமே அவருக்குக் கைப்பழக்கம். கீழ் டிரன்னியன் சோதனையை மட்டும் அவர் வரும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். மரை ஆடுகிறது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு அவரிடம் போக வேண்டாம், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.